பிரெஞ்சின் 'ஃபேர்': ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள்

கேள்வி இதுதான்: "பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. 'ஃபேர்' என்றால் ஆங்கிலத்தில் டு அல்லது மேக் என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது என் நோட்டில் இந்த ஒரு வினைக்கு மட்டும் நாற்பது ஆங்கில அர்த்தங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. 'இல் ஃபே ஃப்ருவா' என்றால் குளிர்கிறதாம். 'ஸா ஃபே தூஸ் எரோ' என்றால் மொத்தம் 12 யூரோவாம். 'ஜெ மெ சுயி ஃபே கூப்பே லே ஷெவெ' என்றால் முடி வெட்டிக்கொண்டேனாம். இவற்றுக்குள் என்ன சம்பந்தம்? எப்படி மனதில் நிறுத்துவது?"

பல வருடமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். வருடா வருடம் யாராவது ஒருவர் இதே கேள்வியோடு, இதே மாதிரி ஒரு நோட்டோடு வந்து நிற்பார். நோட்டை மூடி வைக்கச் சொல்வதுதான் என் முதல் பதில். தப்பு உங்களுடையதில்லை. தமிழ் பேசுகிற ஒருவருக்கு ஃபேரை ஆங்கிலத்தில் விளக்குவது பக்கத்துத் தெருவுக்கு ஊரைச் சுற்றிக் கூட்டிப்போவது போன்றது. ஆங்கிலம் இந்த வினையைத் துண்டு துண்டாக்கி டு, மேக், கோ, கெட், ஹேவ், பி என்று ஏழெட்டுச் சொற்களில் போட்டுவிடும். தமிழில் பெரும்பகுதி மூன்றே வினைகளில் அடங்கிவிடுகிறது: பண்ணு, ஆகு, வை. மூன்றும் நீங்கள் காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி வரை பேசுகிற சொற்கள்.

முதலில் 'பண்ணு'. இதில் சிரமமே இல்லை. போன் பண்ணு, சமையல் பண்ணு, யோகா பண்ணு, தப்பு பண்ணு என்று எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பின்னால் 'பண்ணு' போட்டு வினையாக்கிக்கொள்கிறோம் அல்லவா? பிரெஞ்சுக்காரர் ஃபேரை அப்படியேதான் வைத்திருக்கிறார். வெலோ என்றால் சைக்கிள். 'ஃபேர் த்யூ வெலோ' என்றால் சைக்கிள் ஓட்டு. வெஸ்ஸெல் என்றால் பாத்திரபண்டம். 'ஃபேர் லா வெஸ்ஸெல்' என்றால் பாத்திரம் கழுவு. 'ஃபேர் லெ லீ' படுக்கையைச் சரி செய்வது. 'ஃபேர் லே கூர்ஸ்' கடைக்குப் போய் வீட்டுச் சாமான் வாங்கி வருவது. 'ஃபேர் லா கெ' வரிசையில் நிற்பது. ஆங்கிலத்தில் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புது வினை வரும், நோட்டும் நிறையும். அதற்குப் பதில் பெயர்ச்சொல்லை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். பண்ணுகிற வேலையை ஃபேர் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கூட்டத்தில் சில மரபுத்தொடர்கள் நம் பேச்சுக்கு ஆச்சரியமான அளவு பக்கத்தில் வருகின்றன. 'ஃபேர் லா தெத்' என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் தலையைப் பண்ணுவது. ஆனால் அர்த்தம் 'மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறது'. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு வினை கிடைக்கும். ஆனால் மூஞ்சி தூக்கிய அந்தக் கோலம் அதில் தெரியாது. சில தொடர்களோ ஏமாற்றிவிடும். 'ஃபேர் ஷான்தே' என்றால் பாட வைப்பது. குழந்தைகளைப் பாட வைக்கலாம், நல்லது. ஆனால் ஒரு அரசியல்வாதியை இன்னொருவர் 'பாட வைத்தார்' என்று பிரெஞ்சு செய்தித்தாளில் படித்தால், ரகசியத்தை வெளியே சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் கேட்டார் என்று பொருள். இப்படி இருக்கிற பத்துப் பதினைந்தைத் தனியாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்கு வேண்டுமானால் நோட்டைத் திறக்கலாம்.

அடுத்து 'ஆகு'. உங்கள் கேள்வியின் முதல் வரியையே பாருங்கள். "ஆறு மாதம் ஆகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பிரெஞ்சில் சொன்னால் 'ஸா ஃபே சீ முவா'. ஸா என்றால் அது, சீ முவா என்றால் ஆறு மாதம். நடுவில் இருக்கிற 'ஃபே', அதாவது ஃபேரின் நிகழ்கால வடிவம்தான் உங்கள் 'ஆகிறது'. 'நான் இங்கே இருக்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது' என்பதை 'ஸா ஃபே தெஸான் கெ ஜபீத் இஸ்ஸி' என்பார்கள். கவனியுங்கள், 'ஜபீத்' நிகழ்காலம். ஆங்கிலம் படித்தவர்கள் இந்த இடத்தில் ஹேவ் பீன் லிவிங் என்பதை நினைத்துக்கொண்டு இறந்தகால வடிவத்தைத் தேடிப் போய்த் தப்பு செய்கிறார்கள். தமிழில் 'ரெண்டு வருஷமா இங்கதான் இருக்கேன்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். பிரெஞ்சும் அதையேதான் செய்கிறது. தமிழில் யோசித்திருந்தால் அந்தத் தப்பு வந்தே இருக்காது.

பாரிஸில் ஒரு ரொட்டிக்கடையில் நில்லுங்கள். ஒரு பகெத், இரண்டு குருவாசான் வாங்குகிறீர்கள். காகிதத்தில் சுற்றி மேடைமேல் வைத்துவிட்டு அந்த அம்மா, 'ஸா வூ ஃபே' என்று தொடங்கித் தொகையைச் சொல்வார். ஸா, அது, வூ, உங்களுக்கு, ஃபே, ஆகிறது. நம் ஊர் மளிகைக் கடைக்காரர் துண்டுச்சீட்டில் கூட்டிவிட்டு 'உங்களுக்கு நூத்தி இருபது ஆச்சுங்க' என்பாரே, அதே வாக்கியம், அதே 'உங்களுக்கு'. இதற்கு ஆங்கில வாக்கியம் ஒன்று உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதில் இந்த 'உங்களுக்கு' வராது. இரண்டும் இரண்டும் நாலு ஆகும் என்பதும் ஃபேர்தான். 'இல் செ ஃபே தார்' என்றால் நேரம் ஆகிறது. 'ஸா நெ ஃபே ரியான்' என்றால் அதனால் ஒன்றும் ஆகாது, பரவாயில்லை. யாராவது உங்கள் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் சொல்ல வேண்டியது இதுதான். முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் இதைக் காதில் விழுந்தபடி 'சான் ஃபேரி ஆன்' என்று சொல்லப் போக, அது அவர்கள் பேச்சில் ஒரு வழக்காகவே நின்றுவிட்டது. விடு, பரவாயில்லை என்பதுதான் அங்கேயும் அர்த்தம்.

ஆகு என்பதோடு சேர்த்து 'ஆக்கு' என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபேரின் தாய் லத்தீனின் ஃபகெரே. இத்தாலியனின் ஃபாரே, ஸ்பானியத்தின் அஸேர் எல்லாம் அதன் பிள்ளைகள். லத்தீனில் சூடாய் இருப்பதைக் குறிக்கும் சொல்லோடு ஃபகெரேயைச் சேர்த்து 'கலெஃபகெரே' என்றார்கள். தமிழில் சூடு, ஆக்கு இரண்டையும் சேர்த்துச் சூடாக்கு என்கிறோமே, அதே தையல். அது பிரெஞ்சில் தேய்ந்து 'ஷோஃபே' ஆனது. அடுப்புக்கு எரிபொருள் போட்டு நீராவி எந்திரத்தைச் சூடாக்குகிறவர் ஷோஃபர். அந்தப் பெயர் பிறகு கார் ஓட்டுகிறவருக்கு வந்தது. ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தின் அஃபேர், அருஞ்செயலைக் குறிக்கும் ஃபீட், ஃபேக்ட், ஃபேக்டரி எல்லாமே இந்த வீட்டுப் பிள்ளைகள்தான். புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னும் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவிடம் வந்ததை டி ஃபேக்டோ மாற்றம் என்றும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி முடிந்ததை டி ஜூரே மாற்றம் என்றும் சொல்கிறோம். டி ஃபேக்டோவில் இருக்கிற ஃபேக்டோ, ஃபகெரேயிலிருந்து வந்தது. 'செய்து ஆனது' என்று பொருள்.

இப்போது 'வை'. எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் அதிகமாக இடறி விழுகிற பகுதியும் இதுதான்.

ஃபேருக்குப் பின்னால் இன்னொரு வினையைப் போட்டால், அந்த வேலையை இன்னொருவரையோ இன்னொன்றையோ செய்ய வைப்பது என்று ஆகிவிடும். ரீர் என்றால் சிரி, ஃபேர் ரீர் என்றால் சிரிக்க வை. பூயீர் என்றால் கொதி, ஃபேர் பூயீர் என்றால் கொதிக்க வை. க்யுயீர் என்றால் வேகு, ஃபேர் க்யுயீர் என்றால் வேக வை. இதில் கற்றுக்கொள்ளவே ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் கொதிப்பதற்கும் கொதிக்க வைப்பதற்கும் ஒரே சொல். அதனால்தான் ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்கள் ஃபேரை விட்டுவிட்டு, தண்ணீரை 'நான் கொதிக்கிறேன்' என்பது போல எழுதி வைக்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது உடனே உறுத்தும்.

வை என்று வெளிப்படையாக வராத இடங்களும் உண்டு. பழந்தமிழ் அதை வினைக்குள்ளேயே மறைத்து வைத்திருக்கிறது. உருகு, உருக்கு: ஃபோந்த்ர், ஃபேர் ஃபோந்த்ர். அறி, அறிவி: சவுவார், ஃபேர் சவுவார். காண், காட்டு: வுவார், ஃபேர் வுவார். உண், ஊட்டு: மான்ஜே, ஃபேர் மான்ஜே. வா, வரவழை: வெனீர், ஃபேர் வெனீர். நாம் பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதில் பிறவினை முழுவதையும் பிரெஞ்சு ஃபேர் என்ற ஒற்றைச் சொல்லை வைத்து முடித்துக்கொள்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணம் பிரெஞ்சுக்கு உதவும் என்று சொன்னால் என் மாணவர்கள் முதலில் நம்புவதில்லை. இந்தப் பாடம் முடிந்தபிறகு நம்புகிறார்கள்.

சொல் வரிசையிலும் இதே ஒற்றுமை. டாக்டரை வரவழைக்கிறேன் என்பதற்கு 'ஜெ ஃபே வெனீர் லெ மெத்சான்' என்றுதான் வரும். ஃபேவுக்கும் வெனீருக்கும் நடுவில் டாக்டர் வந்து உட்கார முடியாது. ஆங்கிலத்தில் மேக், பிறகு டாக்டர், பிறகு கம் என்று பிரித்து வைப்பார்கள். அதைப் பார்த்துப் பிரெஞ்சிலும் பிரித்தால் தப்பு. 'வரவழை' என்ற சொல்லுக்கு நடுவில் டாக்டரைச் செருக முடியுமா? 'வேகவை' என்பதற்கு நடுவில் உருளைக்கிழங்கை? அதே உணர்ச்சியோடு பிரெஞ்சையும் சேர்த்துப் பிடியுங்கள்.

வேற்றுமையிலும் இப்படியே வருவதுதான் எனக்கு இன்றும் வியப்பு. சாப்பிடுகிற பொருளைச் சொல்லாமல், குழந்தையைச் சாப்பிட வைக்கிறேன் என்றால் 'ஜெ ஃபே மான்ஜே லான்ஃபான்'. 'குழந்தையை' என்று இரண்டாம் வேற்றுமை. ஆனால் குழந்தைக்கு சூப் ஊட்டுகிறேன் என்றால் 'ஜெ ஃபே மான்ஜே லா சூப் ஆ லான்ஃபான்'. அந்த 'ஆ' என்பது நம் 'கு' உருபு. சூப் வந்தவுடன் குழந்தை நான்காம் வேற்றுமைக்கு நகர்ந்துவிட்டது, தமிழில் நகர்ந்தது போலவே. பிரெஞ்சு இலக்கணப் புத்தகங்களில் இதை விளக்க நீளமாக எழுதியிருப்பார்கள். நீங்கள் 'குழந்தையைச் சாப்பிட வை', 'குழந்தைக்குச் சோறு ஊட்டு' என்று இரண்டு வாக்கியங்களை நினைத்துக்கொண்டால் போதும்.

ஒருமுறை வகுப்பில் பிரெஞ்சு வெங்காய சூப்பின் செய்முறையைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னேன். 'வெண்ணெயை உருக்கவும்' வரை எல்லோரும் சரியாக வந்தார்கள். அடுத்த வரி, 'ஃபெத் ரெவெனீர் லேஸோனியோன்'. ரெவெனீர் என்றால் திரும்பி வருவது. ஒரு மாணவி மிகவும் யோசித்து, 'வெங்காயத்தைத் திரும்ப வரவழைக்கவும்' என்று எழுதியிருந்தாள். விதிப்படி அவள் செய்தது முழுக்கச் சரி. ஆனால் சமையலில் ஃபேர் ரெவெனீர் என்பது, கொழுப்பில் போட்டுப் பொன்னிறமாக வதக்குவது. அவளிடம், 'உங்கம்மா வாணலியில வெங்காயம் போட்டா அடுத்து என்னம்மா செய்வாங்க?' என்று கேட்டேன். 'வதக்குவாங்க' என்றாள். அதுதான் விடை என்றேன். அதன்பிறகு அந்த வகுப்பில் ஒருவர்கூட அந்தச் சொல்லை மறக்கவில்லை.

ஃபேர் 'வை' என்றால், அதன் பக்கத்து வீட்டுக்காரரான லெஸ்ஸே 'விடு'. போக வை, போக விடு. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொருளாதாரப் பாடத்தில் தலையிடாக் கொள்கை என்று படித்திருப்பீர்கள்; ஆங்கிலப் புத்தகங்களில் அது லெஸ்ஸே ஃபேர் என்றே இருக்கும். செய்ய விடுங்கள், அவ்வளவுதான். வியாபாரத்தில் அரசு கை வைக்க வேண்டாம் என்று 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பொருளாதாரச் சிந்தனையாளர்கள் எழுப்பிய குரல்.

இந்த மூன்று வினைகளுக்குள்ளும் அடங்காதது வானிலை. 'இல் ஃபே ஃப்ருவா' குளிர்கிறது. 'இல் ஃபே ஷோ' புழுக்கமாய், சூடாய் இருக்கிறது. 'இல் ஃபே நுயி' இருட்டிவிட்டது. இங்கே 'இல்' என்பது யாரும் இல்லை, காலி நாற்காலி. வெயில் அடிக்கிறது என்கிறோம், யாரை அடிக்கிறது என்று கேட்பதில்லை. அப்படியே இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கும் பனிக்கும் சொந்த வினை இருக்கிறது, அங்கே ஃபேர் வராது. ஒன்றில் மட்டும் கவனம்: எனக்குப் புழுக்கமாய் இருக்கிறது என்பதற்கு 'ஜே ஷோ' என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தின் ஐ ஆம் ஹாட் என்பதை மாற்றி 'ஜெ சுயி ஷோ' என்று சொல்லிவிட்டால், வீட்டுக்கு வந்த விருந்தாளி சொல்லக் கூடாத அர்த்தமும் அதில் வந்துவிடும்.

எங்கே ஃபேர் வராது என்பதற்கும் தமிழ் பல இடங்களில் கை கொடுக்கிறது. ஆங்கிலத்தில் முடிவை மேக் பண்ணுவார்கள். அதைப் பார்த்து ஃபேர் போடாதீர்கள். பிரெஞ்சில் முடிவுக்கு ப்ராந்த்ர், அதாவது எடு. நாமும் முடிவு எடுக்கிறோம், படம் எடுக்கிறோம். இரண்டுக்கும் ப்ராந்த்ர்தான். ஒருவரைச் சந்தோஷப்படுத்துவதற்கு மேக் என்கிறது ஆங்கிலம். பிரெஞ்சில் அதற்கு ராந்த்ர் என்று வேறு வினை. ஃபேருக்குப் பின்னால் வினை வரலாம், பெயர் வரலாம். இந்த மாதிரி உணர்வைச் சொல்லும் பெயரடை வந்தால் ராந்த்ர் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பு பற்றிச் சுருக்கமாக. ஜெ ஃபே, த்யூ ஃபே, இல் ஃபே மூன்றும் காதுக்கு ஒன்றே. நூ ஃபஸோன் என்பதில் எழுத்தைப் பார்த்து 'ஃபே' என்று தொடங்காதீர்கள், அங்கே உயிரொலி சுருங்கிவிடும். நீங்கள் என்பதற்கு வூ ஃபெத். மற்ற வினைகளைப் பார்த்து 'வூ ஃபஸே' என்று சொல்லிவிடுவது எல்லோரும் செய்கிற தப்பு. அவர்கள் என்பதற்கு இல் ஃபோன். ஃபெத்தில் வருகிற கடைசி ஒலி நம் 'த்' தான், ஆங்கிலத்தின் 'ட்' இல்லை. நாக்கை மேல்பல்லில் தொட்டுச் சொல்லுங்கள். ஆங்கிலம் பேசுகிறவர் பழகிப் பெற வேண்டிய ஒலி உங்கள் வாயில் பிறந்ததிலிருந்தே இருக்கிறது.

கடைசியாக உங்கள் மூன்றாவது வாக்கியம். இங்கே மட்டும் தமிழை அப்படியே நம்ப வேண்டாம். 'முடி வெட்டிக்கிட்டேன்' என்றால் சலூனில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டேன் என்றுதான் நாம் புரிந்துகொள்வோம். 'கொள்' என்ற ஒன்றே போதும். கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது என்று தமிழ் கவலைப்படுவதில்லை. அதை அப்படியே 'ஜெ மெ சுயி கூப்பே லே ஷெவெ' என்று மாற்றினால், கண்ணாடிமுன் நின்று நானே வெட்டிக்கொண்டேன் என்பது பிரெஞ்சில் அதன் நேர்ப்பொருள். வேலையை வேறொருவர் செய்திருந்தால் நடுவில் ஃபேர் வர வேண்டும்: ஜெ மெ சுயி ஃபே கூப்பே லே ஷெவெ. ஆபரேஷன் செய்துகொண்டேன் என்பதும் இப்படித்தான். நீங்கள் விரும்பாமல் உங்களுக்கு நடந்ததற்கும் இதே அமைப்பு வரும்: நாய் கடித்தது, பர்ஸ் திருடுபோனது, ஏமாந்துபோனேன். பர்ஸைப் பறிகொடுத்தவர், திருடனை அழைத்துத் திருட வைத்தது போல 'ஜெ மெ சுயி ஃபே வொலே' என்று சொன்னால் திகைக்க வேண்டாம். 'பறிகொடுத்தேன்' என்ற சொல்லிலும் கொடுத்தவர் நாம்தானே.